மூன்றாவது சரணத்தைக் கேட்காதவர்கள்

நீங்கள் பொய் சொன்னீர்கள். வெளிநாட்டில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு போன மாதம் ஒரு பேட்டி கொடுத்தீர்களே, அதில் சொன்னது பொய். "எங்க ஊர்லயே பாதிப் பாட்டுல எங்களை நிறுத்திட்டாங்க. கூட்டமே சேந்து நக்கல் பண்ணுச்சு. அன்னிக்கு விட்டதுதான் பாட்டு" என்றீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஏன் அப்படி நடந்தது என்று அன்றைக்கே உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னவளும் நான்தான். அப்போது தலையாட்டிவிட்டு இப்போது இப்படிப் பேசுகிறீர்கள்.

மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். இவரும் இவருடைய கூட்டாளியும் சினிமாவில் வராத பாட்டுகளைச் சொந்தமாகப் போட்டு ஒரு கேசட் வெளியிட்டார்கள். இவர் எங்கள் பக்கத்து மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர். கிதார் வாசித்த கூட்டாளி அதிராம்பட்டினத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. டிஷ் ஆன்டெனா வீட்டுக்கு வீடு முளைத்த காலம். ஒரு வீட்டுக்கு ஓர் ஆண் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். கேசட் விற்கவில்லை. கும்பகோணத்துக் கடையில் கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது, பிறகு காணவில்லை. நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.

ஆனாலும் அந்தப் பாட்டு எங்கள் வாயில் இருந்தது. எப்படி என்றால், என் அண்ணனால்.

அண்ணன் சார்ஜாவில் ஏசி பொருத்தும் வேலையில் இருந்தான். அறையில் ஒன்றாகத் தங்கியவர்களில் அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் அந்தக் கேசட்டை வைத்திருந்தாராம். அண்ணன் எனக்குப் பிடித்த சினிமாப் பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்துவிட்டு, கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் இந்தப் பாட்டைப் போட்டு அனுப்பினான். முழுப் பாட்டுக்கு இடம் போதவில்லை. இரண்டு சரணம் வந்தது. மூன்றாவது சரணத்தில் "திரும்பி வந்தா" என்று இவர் ஆரம்பித்தார். டக். டேப் முடிந்துவிட்டது.

நீடாமங்கலத்தில் நான் தைத்துக்கொண்டிருந்த கடைக்கு எதிரில்தான் மினி பஸ் நிற்கும். டிரைவர் அந்தக் கேசட்டைக் கேட்டார், கொடுத்தேன். அவர் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து ஒரு காப்பி எடுத்தார். அதிலிருந்து இன்னொரு பஸ்காரர் எடுத்தார். கல்லூரிப் பிள்ளைகள் எடுத்தார்கள். வளைகுடாவுக்குப் போன பையன்கள் கொண்டுபோனார்கள். எல்லாம் அந்த ஒரே கேசட்டின் பிள்ளைகள். எல்லாவற்றிலும் பாட்டு அதே இடத்தில்தான் அறுந்தது.

எங்கள் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாத்தினால் சாத்தியதுதான். ரயில் எஞ்சினைக் கழற்றி மாட்டிப் பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்து முடிகிற வரைக்கும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது இந்தப் பாட்டு ஓடும். "திரும்பி வந்தா" என்று வந்ததும் டேப் செட்டில் டக் என்று சத்தம் கேட்டு, கேசட் தானாகத் திரும்பி மறுபக்கம் பாட ஆரம்பிக்கும். யார் தொடங்கினார்களோ தெரியாது, பஸ்ஸில் இருந்தவர்கள் அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து நாக்கைத் தட்டி "டக்!" என்பார்கள். கூடைக்கார அம்மா சொல்லும். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்வார். ஒருநாள் ஒரு புது ஆள் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், வெளியூரா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"டக்கு சொல்லலையே."

எங்களுக்கு அது பாட்டின் ஒரு பகுதி. பாட்டு அங்கேதான் முடிகிறது என்றுதான் நினைத்திருந்தோம். நினைத்தோமா, அல்லது அதைப் பற்றி யோசிக்கவே இல்லையா என்று இப்போது எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

மாசியில், சம்பா அறுவடை முடிந்த வயலில், எங்கள் ஊர்க் கபடிக் கழகத்துப் பையன்கள் விழா வைத்து இவர்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். வெயில் தாழ்ந்த நேரம். தார்ப்பாய் விரித்திருந்தும் அறுத்த நெல்தாள் காலில் குத்தியது. நல்ல கூட்டம். சில பெண்கள் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். கிதாரின் முதல் ஓசையிலேயே எல்லாரும் கூடவே பாடினார்கள். மேடையில் உங்கள் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். இரண்டு சரணமும் ஊரே பாடியது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு "திரும்பி வந்தா" என்றீர்கள்.

"டக்!" என்றது வயல்.

கைதட்டல், விசில், சிரிப்பு. நீங்கள் வாய் திறந்தபடி நின்றீர்கள். கூட்டாளி மட்டும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார், பிறகு அவரும் நிறுத்தினார். "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினோம். மறுபடி பாடினீர்கள். மறுபடி அதே இடத்தில் "டக்!" அதற்குமேல் நீங்கள் பாடவில்லை. "நன்றி" என்று மைக்கில் சொன்னீர்கள். கும்பிட்டீர்கள். இறங்கினீர்கள்.

மேடைக்குப் பின்னால் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்த உங்களிடம் நானே வந்தேன்.

"என்னங்க இது, இப்படிக் கிண்டல் பண்றீங்க?" என்றீர்கள். சோடாவைப் பாதியில் கீழே வைத்தீர்கள்.

"கிண்டல் இல்லைங்க. கேசட்டுல அங்கதான் முடியும். பஸ்ஸுல கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு."

"எங்க கேசட்டுல அங்க முடியாதே."

"எங்க அண்ணன் சார்ஜாவுலேருந்து பதிஞ்சு அனுப்புன கேசட்டுங்க, டேப்புல இடம் பத்தல. அதுலேருந்துதான் எல்லாரும் எடுத்தாங்க."

உங்கள் கூட்டாளி கிதாரைப் பைக்குள் வைத்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா மாப்ளே! நீ எழுதுன ரெண்டு சரணமும் ஊருக்கே தெரியுது. நான் எழுதுன மூணாவதைச் சார்ஜாவுலயே புதைச்சுட்டாங்க!"

நீங்களும் சிரித்தீர்கள். தலையாட்டினீர்கள். "சரிங்க, சரிங்க" என்றீர்கள். நான் கனவு காணவில்லை. எனக்கு அந்தச் சோடா பாட்டிலின் பச்சை நிறம்கூட நினைவிருக்கிறது.

அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாடவே இல்லை. நீங்கள் வெளிநாடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சில வருஷம் கழித்து, கல்யாண ரவிக்கைகளைக் கொடுக்க அதிராம்பட்டினம் போனபோது உங்கள் கூட்டாளியைப் பார்த்தேன். பைப் விற்கிற கடையில் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் "அட, டக்கு!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஏன் பிரிஞ்சீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"அவன் என்ன சொன்னான் தெரியுமா? இனிமே ரெண்டு சரணத்தோட நிறுத்திக்குவோம், ஜனம் அதைத்தானே கேக்குதுன்னான். நான் எழுதுனதை வெட்டிட்டுப் பாடணுமாம். போடான்னுட்டேன்."

"அவருக்குக் கோவம் இல்லையா?"

"கோவமா? அவனுக்குச் சந்தோசம்ங்க. ஊரே பாடுச்சுல்ல."

மூன்றாவது சரணத்தைப் பாடிக் காட்டச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "வேணாங்க. அது அவன் குரலுக்கு எழுதுனது" என்று சொல்லிவிட்டு, வந்த ஆளிடம் என்ன அளவு பைப் வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் அவமானத்தில் விட்டீர்கள் என்கிறீர்கள். அவர் நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள் என்கிறார். நான் பார்த்தபோது முதலில் சோடாவைப் பாதியில் வைத்தீர்கள், பிறகு சிரித்தீர்கள். மூன்றில் எதை நான் நம்புவது? எங்களுக்கு உங்களை அவ்வளவு பிடித்திருந்தது, அதனாலேயே உங்களை அழித்தோம் என்பதா? கேசட் கடையில் கிடைத்திருந்தால் வாங்கியிருப்போமா என்று கேட்டால், அதற்கும் எனக்குப் பதில் தெரியாது. மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போதுகூட இதை மனசில் போட்டுப் புரட்டுகிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

எனக்காக மட்டும் என்றால் விட்டிருப்பேன். பேட்டியை என் அண்ணன் பார்த்துவிட்டான். சார்ஜாவை விட்டு ஒரேயடியாக வந்து வீட்டில் இருக்கிறான். முட்டி வலி. இங்கே அவனுக்கு வேலையும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை. அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது: "அந்தப் பாட்டை ஊருக்குக் கொண்டாந்தது நான்தான்." பேட்டியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"நான் அனுப்புன கேசட்டாலதான் அந்தாளு பாடறதை விட்டாரா?"

"இல்லண்ணே. அந்தாளு பொய் சொல்றாரு."

"ஏன் பொய் சொல்லணும்?"

அன்றிலிருந்து அவன் அந்தப் பாட்டை முணுமுணுப்பதில்லை. நான் "டக்" என்று சொல்லிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் கேட்கிறேன். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம், சமாதானம் வேண்டாம். எந்த இடத்தில் உட்கார்ந்து எங்களைக் குற்றம் சொன்னீர்களோ, அதே இடத்தில், அதே கேமராவுக்கு முன்னால் உட்காருங்கள். அன்றைக்கு நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா இல்லையா, சொல்லுங்கள். கூட்டாளி சொல்வது நிஜமா, சொல்லுங்கள். என் அண்ணன் கேசட்டாலா இல்லையா, சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டு அந்த மூன்றாவது சரணத்தைப் பாடுங்கள். திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் இன்னும் கேட்கவில்லை. என் அண்ணன் திரும்பி வந்துவிட்டான். எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.