மாத்திரை கரைவதைக் கண்முன் காட்டிய ஜெயமேரி மேடம்

ஜெயமேரி மேடம் போய்விட்டார்... விடியற்காலையில் அவர் மகன் போன் செய்தான்.

எங்கள் மாத்திரை கம்பெனியின் லேப் முழுக்க அவர் பொறுப்பு. ஆரம்பித்த நாளிலிருந்தே.

நான் ஸ்கூட்டரில் மருந்துக்கடைகளுக்குச் சரக்கு போட்டு முன்னுக்கு வந்தவன். சொந்தமாக மாத்திரை தயாரிக்க இறங்கியபோது, அவர் ரூமுக்கு ஏசி போடவா என்று கேட்டேன். "ஏசி எதுக்கு பாய்? மொதல்ல ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் குடுங்க" என்றார். செகண்ட் ஹேண்டில் ஒன்று பிடித்துக் கொடுத்தேன்.

இரண்டாவது வருஷம் என்று நினைக்கிறேன்... எங்களிடம் மொத்தமாக வாங்கியது ஒரே ஒரு சென்னை பார்ட்டிதான். காய்ச்சல் மாத்திரை சரியாகக் கரையவில்லை என்று ஒரு பேட்ச்சைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்ததும் இப்படி இருந்தால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் போனால் கம்பெனியே கிடையாது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவன், மாத்திரை கரைவதற்காகச் சேர்க்கிற ஸ்டார்ச் மாவு மேல் சந்தேகப்பட்டு, அதன் சப்ளையரைக் கிழிக்கலாம் என்று போனை எடுத்தேன். மேடம் தடுத்தார்.

"அந்த மனுசன ஏன் திட்றீங்க? இங்க வந்து கண்ண வெச்சுப் பாருங்க."

மைக்ராஸ்கோப்பின் கண்ணாடித் துண்டில் பழைய நல்ல மாத்திரையின் ஒரு துணுக்கு. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர். உப்பி, வெடித்து, பொலபொலவென்று உதிர்ந்தது.

அடுத்து, திரும்பி வந்த மாத்திரை... சுற்றிலும் தண்ணீர் நிற்கிறது, உள்ளே போகவே இல்லை. ஓரத்தில் காற்றுக்குமிழ்கள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

"பாத்தீங்களா? கொடை புடிச்சிக்கினு நிக்குது பாய்."

மாத்திரை அச்சில் ஒட்டாமலிருக்க, ஸ்டியரேட் என்று ஒரு வழவழப்பான பவுடரைக் கடைசியில் சேர்ப்போம். கொஞ்ச நேரம் கலந்தால் போதும். அதிகமாகக் கலந்தால் ஒவ்வொரு துகள்மேலும் பூசிக்கொண்டு தண்ணீரை விடாது.

மிக்ஸர் ஓட்டும் குமாரைக் கூப்பிட்டார்.

"நல்லா கலக்கட்டுமேன்னு கூடக் கொஞ்சம் ஓடவுட்டேன் மேடம்..."

"இது இன்னா பரோட்டா மாவாடா, அடிக்க அடிக்க நல்லா வர்றதுக்கு?"

குமாரே சிரித்துவிட்டான். திரும்பி வந்ததை முழுக்க அழித்துவிட்டுப் புது பேட்ச் போட்டோம்.

சென்னை பார்ட்டி முறைப்பாக நேரில் வந்தார். மேடம் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, மனுஷனை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். டீ ஆறிப்போனது, அவர் தலையை எடுக்கவில்லை. "இன்னொன்னு போடுங்க மேடம்" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

கிளம்பும்போது, "எங்க கம்பெனிக்கு வந்துடுறீங்களா?" என்று என் எதிரிலேயே கேட்டார். பாருங்கள் தைரியத்தை!

"நான் வந்துட்டா உங்களுக்கு நல்ல மாத்திரைய யார் சார் குடுப்பாங்க?"

அன்றைக்கு எனக்கு ஏறிய கர்வம் இன்னும் இறங்கவில்லை. ஆர்டரும் நிற்கவில்லை.

இன்று காலையில் அந்தச் சென்னை பார்ட்டிக்கும் சொன்னேன். சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கெளம்பிட்டேன் பாய்... ஈசிஆர்ல வந்துட்டிருக்கேன்" என்றார்.

முத்தியால்பேட்டை வீட்டில் வைத்திருக்கிறார்கள். மாலையில் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

தோள் கொடுக்க நானும் குமாரும் முன்னால் நிற்கிறோம் மேடம்... நிம்மதியாகப் போய் வாருங்கள்.