குயிலாப்பாளையத்தில் ஐந்து நாட்டு ஒயின்

சனிக்கிழமை காலை மணி 7.40. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் மூவர் அமரும் ஓர் இருக்கையில் இரண்டு இடம் காலியாகவே இருந்தது. மூன்றாவது இடத்தில் மரக்காணம் பக்கத்துப் பெண் ஒருவர் கருவாட்டுக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் அமர்ந்தேன். என் மனைவி ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றே வந்தாள்.

"கூடைய நல்லா மூடும்மா, பஸ்ஸே நாறுது" என்றார் நடத்துனர். திருச்சிற்றம்பலம் கூட்ரோடு வரை இருபத்தேழு கிலோமீட்டர். ஆளுக்கு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அவசரமாக முன்னால் போய்விட்டார்.

கருவாட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் மூக்கப் புடிச்சிக்கினு ஓடுறாங்க. நீ மட்டும் ராஜாவாட்டம் குந்திக்கினு வர்ற."

"எனக்கு வாசனையே தெரியாதும்மா."

"குடுத்து வெச்சவன்" என்று சிரித்தார்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். என் மூக்கு வேலை செய்வதில்லை. போன வருடம் இதே மாதத்தில் முண்டியம்பாக்கம் அருகே மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். பின்மண்டையில் அடி. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்ததால் பிழைத்தேன். ஒன்பது நாள் வைத்திருந்து நல்லபடியாகத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ரசத்தில் வாய் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புளிப்பும் உப்பும் கலந்த வெந்நீராக இருந்தது அது. நரம்பு அறுந்திருக்கலாம், ஒரு வருடம் பார்ப்போம், அதற்குள் வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம் என்றார் டாக்டர். அந்த ஒரு வருடம் வரும் செவ்வாயோடு முடிகிறது.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சாப்பாட்டு ருசியோடு போயிருக்கும். நான் பதினான்கு வருடம் சுற்றுலாக் கப்பல்களில் ஒயின் பரிமாறியவன். எந்த மீனுக்கு எந்த வெள்ளை, எந்தக் கறிக்கு எந்தச் சிவப்பு என்று முகர்ந்து பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் திங்கட்கிழமை ஃபோன் செய்வதாகச் சொல்லியிருந்தார். வருகிறேன் என்றால் ஏறிய முதல் வாரமே கண்ணைக் கட்டி ஒரு பரீட்சை வைப்பார்கள். அதை முதலில் நம் ஊரிலேயே எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தப் பயணம்.

மணி 8.45. கூட்ரோட்டிலிருந்து குயிலாப்பாளையம் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோ 250 ரூபாய் கேட்டது, 220க்கு வந்தது. இருபுறமும் முந்திரித் தோப்பு. பூத்திருக்கும் காலம். ஸ்டெல்லா மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, சட்டென்று என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த ஒரு வருடமாக அவள் என் முன்னால் மல்லிகைப்பூ வைப்பதில்லை. வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை.

ஸ்டெல்லாவின் தம்பி ஆரோக்கியம் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல்காரன். முந்தைய நாள் மாலை அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் நண்பர்களைக் கூட்டி ஒயின் ருசி பார்த்திருக்கிறார். உலகத்தின் நாலு திசையிலிருந்தும் வர வேண்டும், ஒன்றும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது, அதுதான் அவர் வைத்த விதி. ஐந்து பாட்டிலிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம். கேட்டு வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தான் ஆரோக்கியம்.

விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. வெள்ளையில் நியூசிலாந்து 1,480, தென்னாப்பிரிக்கா 1,090, நம் நாசிக் 780. சிவப்பில் சிலி 1,150, ஸ்பெயின் 990. ஐந்தும் எனக்குப் பழைய சிநேகிதர்கள். கப்பலில் முதல் வருடம் பாடப்புத்தகத்தில் இருந்த பழங்களின் பெயரைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தேன். அவற்றில் பாதியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மாதா கோயில் பூசையில் சாமியார் கையில் இருந்ததைத் தவிர வேறு ஒயினும் பார்த்ததில்லை. அதனால் எனக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொண்டேன். நியூசிலாந்து என்றால் கொய்யாவும் அப்போதுதான் நறுக்கிய பச்சை மிளகாயும். தென்னாப்பிரிக்கா என்றால் அன்னாசியில் தேன். நாசிக், எலுமிச்சைத் தோல். சிலி, நாவல்பழத்தைக் கசக்கிய கை. ஸ்பெயின், பெட்டியைத் திறந்ததும் வரும் புதுச் செருப்பு. எந்த நாட்டுத் துரை கேட்டாலும் அந்தக் கொய்யாவை மனதில் வைத்துக்கொண்டுதான் அவன் மொழியில் பதில் சொல்வேன்.

மணி 10.15. பாட்டில்களை வெளியே எடுத்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளை, சிவப்பு எல்லாம் ஒரே குளிர்ச்சிக்கு வரட்டும், சில்லிப்பை வைத்துக் கண்டுபிடித்தான் என்று ஆகக் கூடாது. ஸ்டெல்லா என் கண்ணைத் துண்டால் கட்டினாள். ஆரோக்கியம் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஒவ்வொன்றாக நீட்டினான். நான் சொல்வதை ஸ்டெல்லா பென்சிலால் எழுத வேண்டும். மதிப்பெண் கடைசியில்.

முதல் டம்ளர். முகர்ந்தேன். வாயில் வைத்துச் சுழற்றிப் பக்கத்து வாளியில் துப்பினேன். துவர்ப்பு இல்லை, ஆகவே வெள்ளை. நாக்கே அதைச் சொல்லிவிடும், மூக்கு வேண்டியதில்லை. புளிப்பு கூர்மையாக இருந்தது. மறுபடி முகர்ந்தேன். எங்கோ தூரத்தில் கொய்யா மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. தட்டுப்பட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதா, நிஜமாகவே தட்டுப்பட்டதா என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

"நியூசிலாந்து" என்றேன்.

பென்சில் ஓடும் சத்தம் கேட்கவில்லை. அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு பென்சில் ஓடியது. அதற்கப்புறம் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நாவல்பழம் என்றேன், தேன் என்றேன், பழைய ராகத்தில் பேசிக்கொண்டே போனேன்.

துண்டை அவிழ்த்ததும் ஸ்டெல்லா படித்தாள். "அஞ்சுக்கு மூணு சரி. சிலியும் ஸ்பெயினும் மட்டும் மாறிப்போச்சு."

"மாமா, பின்னிட்டீங்க" என்றான் ஆரோக்கியம். என்னைப் பார்க்காமல் டம்ளர்களை அடுக்கினான்.

நான் அழுதேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், மைத்துனன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மதியம் மீன் குழம்பு. அதில் ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்லத்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மணி 2.30. கூட்ரோட்டில் திண்டிவனம் பேருந்து. சிலி பாட்டிலில் மிச்சம் இருந்ததைத் தக்கையை அழுத்தி மூடி, ஞாயிறு விருந்துக்கென்று என் தோள்பையில், தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து வைத்திருந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏஜெண்டிடம் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையை மூக்கில் வைத்தார். பின்னாலிருந்து ஒருவர் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். நடத்துனர் சத்தம் போட்டார். "எவன்யா வண்டில சரக்கு ஒடச்சது? பொம்பளைங்க வர்ற பஸ்ஸு."

நானும் எரிச்சலோடு திரும்பிக் கடைசி சீட்டைப் பார்த்தேன். அங்கே லுங்கி கட்டிய ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். பகலிலேயே இப்படியா என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் மடியைப் பார்த்தார்.

தொடை ஈரமாக இருப்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. தண்ணீர் பாட்டில் கசிகிறது என்று நினைத்திருந்தேன். ஸ்டெல்லா விழித்துக்கொண்டு என் மடியிலிருந்து பையைப் பிடுங்கினாள். பேன்ட் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"குடிக்கல சார். பாட்டில் கசிஞ்சிருக்குது" என்றாள் நடத்துனரிடம்.

"அது கூடவா தெரியாது? மூக்கு இல்லியா? எறங்குங்க, பேஜாரு புடிச்சவங்களா இருக்கீங்க."

கிளியனூரில் இறக்கிவிட்டார்கள். பாதி வழி. டிக்கெட் முழு வழிக்கு.

மணி 3.05. சாலையோரப் புளியமரத்தடியில் நின்றோம். வெயில். கையை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். விரலெல்லாம் சிலி. ஒன்றுமில்லை.

"ஸ்டெல்லா, எத்தினி சரி?"

அவள் பையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"நெசத்த சொல்லு."

"வெள்ளையா செவப்பான்னு மட்டும் சரியா சொன்னீங்க."

"நாடு?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"சிலியும் ஸ்பெயினும் மட்டும் மாறிப்போச்சுன்னு சொன்னியே."

"அஞ்சும் சரின்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னு." அப்போதும் அவள் நிமிரவில்லை. "மொத டம்ளர மோந்துட்டு சிரிச்சீங்க. ஒரு வருசமாச்சு அப்டி சிரிச்சு. நான் இன்னா பண்ணட்டும்?"

அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பரீட்சைக்கு என்னை அனுப்பப் பார்த்தாள், அங்கே கண் கட்டி நிற்கும்போது யார் வந்து எனக்கு மதிப்பெண் போடுவார்கள் என்றெல்லாம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எதிரே வந்த ஷேர் ஆட்டோ ஒன்று எங்கள் அருகே வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் என் பேன்ட்டைப் பார்த்ததும் நிற்காமல் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மல்லாட்டை லோடு வண்டியில் பின்னால், வேர்க்கடலை மூட்டைகள் மேல் ஏறி வந்தோம். ஆளுக்கு நாற்பது ரூபாய்.

மணி 5.10, திண்டிவனம். திங்கட்கிழமைவரை எதற்கு என்று ஏஜெண்டை நானே கூப்பிட்டேன். "வரல சார், வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உடம்பு நல்லாத்தான் இருக்கு என்றேன். சரி, பார்ப்போம் என்று வைத்துவிட்டார். பதினான்கு வருடம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வழக்கமாகப் பயணம் முடிந்து வந்தால் போன ஊரையும் சொந்த ஊரையும் ஒப்பிட்டு நாலு வரி எழுதுவார்கள். துறைமுகங்களை நான் மூக்கால்தான் நினைவில் வைத்திருந்தேன். ஒன்றில் டீசலும் வறுத்த மீனும், இன்னொன்றில் ஈர மரமும் காப்பியும். இன்று போன குயிலாப்பாளையத்துக்கும் திண்டிவனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இனி எங்கே போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறவன்தான் நான்.

பேன்ட்டைக் கிணற்றடியில் சோப்பு போட்டு மூன்று முறை துவைத்தேன். கறை கொஞ்சம் மங்கியது. வாசனை போயிற்றா என்று எனக்குத் தெரியாதே. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு நீட்டினேன்.

அவள் முகத்தருகே வைத்து முகர்ந்தாள்.

"போயிடுச்சுங்க" என்றாள்.

நான் இன்னொரு முறை துவைத்தேன்.