நானூறு பயணிகளுக்கு ஓர் ஏர்பிரஷ்

கோப்பி மெஷினின் பால் குழாயைக் கழுவி முடித்ததும் ஜெயமலர் அதை யன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பாள். மறுமுனையில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால்தான் திரும்பப் பூட்டுவாள். சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் ஓர் அலுவலகக் கட்டடத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து துப்புரவு செய்கிறோம். பதினொரு வருடமாக இதைப் பார்க்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை.

சனிக்கிழமைகளில் பாடனில் அவளுக்கு இன்னொரு வேலை. மாதிரி ரயில் ஓட்டுகிறவர்களின் சங்க மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது. அங்கே பெரிய மேசை முழுவதும் தண்டவாளம், மலை, ஸ்டேஷன். மேடையில் நிற்கும் பயணிகள் சுண்டுவிரலின் ஒரு கணு உயரம்கூட இல்லை. ஒருநாள், கீழே விழுந்து தலையில் நிறம் உரிந்து கிடந்த ஒரு பெண்ணைச் சங்கத் தலைவர் ப்ரூனரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். தலைமயிருக்குக் கறுப்புப் பூசித் திருப்பிக் கொடுத்தாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அடுத்த கிழமை பத்துப் பேரைக் கொடுத்தார். பிறகு முப்பது.

போன இலையுதிர் காலத்தில் சங்கம் புது ஸ்டேஷன் ஒன்று கட்டத் தொடங்கியது. அதற்கு நானூறு பயணிகள், எல்லாரும் நிறம் பூசாதவர்கள். தூரிகையால் அடிநிறம் பூசினால் தடித்து, மூக்கும் விரலும் மறைந்துபோகின்றன, காற்றால் நிறத்தைப் புகைபோல விசிறும் ஏர்பிரஷால் மெல்லிதாக அடிக்க வேண்டும் என்று ப்ரூனர் சொன்னார். ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பத்துப் பேரைக் காட்ட வேண்டும். பிடித்தால் முழுவதும் அவளுக்கு. இல்லாவிட்டால் ஜெர்மனியில் ஒரு கம்பனிக்குப் போய்விடும்.

"எனக்கு அந்த நானூறு பேரும் வேணும்," என்று பஸ்ஸில் சொன்னாள்.

ஏர்பிரஷைத் தெரிவு செய்யும் பொறுப்பை அவளுடைய கணவர் மகேந்திரன் எடுத்துக்கொண்டார். ஒரு கிழமை வீடியோ பார்த்தார். கராஜில் கார்களுக்கு நிறம் அடிக்கும் கூட்டாளியிடம் கேட்டார். ஆட்கள் சின்னவர்கள் என்றால் நிறம் வெளியே வரும் துளையும் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஆக நுண்ணிய துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினார். அது ஆயுத பூசைக்கு முதல்நாள் வந்து சேர்ந்தது. கார் சாவி, தையல் மெஷின், தூசி உறிஞ்சும் மெஷின் எல்லாவற்றோடும் அதையும் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டார். ஏர்பிரஷில் பொட்டு வைக்க அவருக்குக் கிடைத்த இடம் அதன் நுனி.

காலையில் சந்தனம் உள்ளே காய்ந்து இறுகியிருந்தது. அரிசி அளவுள்ள அந்த நுனியைக் குட்டித் திருகியால் அவர் கழற்றப் பார்க்க, அது கையோடு உடைந்து வந்தது.

ஜெயமலர் சத்தம் போடவில்லை. "இனி நீங்கள் கார் சாவிக்கு மட்டும் பொட்டு வையுங்கோ," என்றாளாம்.

அடுத்த லீவு நாளில் சூரிச்சில் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கு நின்ற இளைஞனும் சின்ன உருவங்கள் என்றதும் அதே நுண்ணிய துளையைத்தான் எடுத்து வைத்தான். வேகமாகக் கதைத்தான். அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதைத் தன் கண்முன்னே கழற்றிக் காட்டும்படி தன்னுடைய நிதானமான ஜெர்மனில் கேட்டாள். அவன் திருகியைத் தேடினான். அவள் தலையை ஆட்டி, திருகி இல்லாமல் கழற்றக்கூடியது எது என்றாள். மேலே நிறம் ஊற்றும் கிண்ணம் வைத்த, துளை இரண்டு மடங்கு பெரிதான ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் நுனியில் மரை கிடையாது, சும்மா உள்ளே உட்காரும். ஆனால் இதால் கண் வரைய முடியாது என்று எச்சரித்தான்.

கண்ணுக்குத் தூரிகை இருக்கிறது, எனக்கு உடுப்புக்குத்தான் அடிநிறம் வேண்டும் என்றாள். பிறகு ஊசி, நுனி, மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தாள். நுனியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். திரும்பப் பூட்டினாள். அவன் பேச்சை நிறுத்திவிட்டு, இதுவரை எதைப் பாவித்தீர்கள் என்று கேட்டான்.

"கோப்பி மெஷின்," என்றாள்.

நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சிரிக்காமல் விளங்கப்படுத்தினாள். பால் காய்வதுபோலத்தான் நிறமும் காயும், துளை சின்னதென்றால் இன்னும் கெதியாக அடைக்கும். இங்கே வருகிறவர்களுக்கு இது விளங்க ஆறு மாதம் எடுக்கும் என்று சொல்லிவிட்டு, அவன் அதற்குக் காற்று கொடுக்கும் கம்பிரசரை எடுக்கப் போனான். அதையும் இரண்டு தரம் போட்டுச் சத்தம் கேட்ட பிறகே சரி என்றாள்.

முதல் மூன்று பேர் பழுதானார்கள். நிறம் தண்ணியாகிக் கோட்டு மடிப்புகளில் வழிந்தது. கழுவிவிட்டு, பால் பதத்தில் கரைத்து மறுபடி அடித்தாள். கடைசிச் சனிக்கிழமை பத்துப் பேரையும் முட்டைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனாள். ப்ரூனர் ஒவ்வொருவரையும் எடுத்துப் பார்த்து மேடையில் நிறுத்தினார். பிறகு மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் இருந்த பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

இன்றுவரை இருநூற்று அறுபது பேர் முடிந்திருக்கிறார்கள். மகேந்திரன் அண்ணை உருவங்களைக் குச்சிகளில் ஒட்டிக் கொடுக்கிறார். கம்பிரசர் குசினியில், மடித்த துவாயின்மேல் இருக்கிறது. கட்டட விதிப்படி சத்தம் போடக்கூடாத மத்தியான ஓய்வு நேரத்திலும் இரவு எட்டுக்குப் பிறகும் அதைப் போடுவதில்லை. மீதி நூற்று நாற்பது பேரை ஈஸ்டருக்கு முன் கொடுக்க வேண்டும். ஜெயமலர் கொடுத்துவிடுவாள்.