கல்யாணக் காருக்கு வைத்த பாரம்

எங்கள் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு திறக்காது. இறக்கினால் ஒழுங்காக மூடாது. அப்பா அதை ஒரு குறையாகவே சொன்னதில்லை. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்பார். சைதாப்பேட்டையில் எங்கள் சந்தில் கார் வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

ஒருநாள் பாலம் இறங்கித் திரும்பும்போது பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. நான் கதவோரம் இருந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அங்கேயே இறங்கி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதன் பிறகு அந்தக் காரில் அவள் ஏறவில்லை.

அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, கல்யாணம் வந்தது. பெண் மண்டபத்துக்குப் போகும்போது பக்கத்தில் அண்ணி உட்கார வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம். தங்கச்சி என் காரில்தான் போவாள் என்றார் அப்பா. அந்தக் காரில் நான் ஏற மாட்டேன் என்றாள் அம்மா. அத்தை இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கார்களுக்குத் தகடு தட்டிப் பற்றவைக்கும் டிங்கர் வேலை செய்பவர். காருக்கு அடியில் படுத்து, வண்டியைத் தாங்கும் சட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்து அப்பாவிடம் சொன்னார்.

"மாமா, சேஸ்ல உசுரே இல்ல. ரெண்டு பக்கமும் துரு தின்னுட்டுகீது. திரும்பறப்போ வண்டியே முறுக்கிக்கினு போவுது. கதவு இன்னா பண்ணும்?"

இரண்டு பக்கமும் நீளத்துக்கு இரும்புச் சட்டம், குறுக்கே ஒன்று. நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவைத்துப் பற்றவைத்தார். இறக்கியபோது கார் கல் மாதிரி நின்றது. பிடித்து ஆட்டினாலும் அசையவில்லை. ஆனால் ஒரு கதவும் மூடவில்லை. தூக்கியபோது வளைந்த வண்டியின் முதுகை அப்படியே இறுக்கிவிட்டார்.

பக்கத்து பஞ்சர் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"இன்னா நைனா, காரைக் குடுத்தா ஒட்டகம் பண்ணிவெச்சுகீற?"

மாமா அத்தனையையும் அறுத்து எடுத்தார்.

மறுபடி ஆரம்பித்தபோது கார் தன் சக்கரத்திலேயே நின்றது. நாலு சக்கரத்துக்கும் கீழே கட்டை. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்தாயிற்று. உள்ளே பாரம் இருக்கும்போது, கதவெல்லாம் மூடியிருக்கும்போது, சட்டத்தில் முதலில் அங்கங்கே பொட்டு மாதிரி பற்றவைத்துப் புள்ளி வைக்க வேண்டும் என்றார் மாமா.

"நாலு மணல் மூட்டை போட்டா ஆவாதா, மச்சான்?" என்றார் அப்பா.

"கல்யாணத்துக்கு மூட்டையா போவுது? போறவங்க ஒக்காருங்க."

அப்பா முன்னால் உட்கார்ந்தார். அத்தை பின்னால். அடுத்து மாமா என்னைத் தூக்கி, அன்று திறந்துகொண்ட அந்தப் பின்கதவோரம் வைத்தார்.

"பாப்பா, நீதான் முக்கியம். நீ எறங்குனா வண்டி கோணிக்கும்."

சாப்பாடு கொண்டுவந்த அம்மா தூரத்திலேயே நின்றாள்.

"டேய், கொயந்தைய எறக்குடா."

"எறக்குனா கோணிக்கும்க்கா. வேணும்னா நீ ஏறி அதப் புடிச்சுக்கோ."

அம்மா தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். ஏறினாள். என்னை மடியில் இழுத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மாமா கதவை மூடினார். அடியில் சர்சர் என்று சத்தம். பற்றவைக்கும் வெளிச்சம் படாமல் அம்மா என் கண்ணைப் பொத்தினாள். நான் மூச்சைப் பிடித்து, முடிந்தவரை கனமாக உட்கார்ந்தேன்.

புள்ளி வைத்ததும் எங்களை இறக்கிவிட்டு முழுக்கப் பற்றவைத்தார். கடைசியில் அம்மாவே பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். டப் என்று ஒரே சத்தம். மறுபடியும் திறந்து மூடினாள்.

கல்யாணத்தன்று மேற்கு மாம்பலம் மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய திருப்பம். அம்மாவின் கை கதவுப் பிடிக்குப் போனது. கார் முறுக்காமல் திரும்பியது. கதவு கம்மென்று இருந்தது. அம்மா கையை எடுத்து அத்தையின் தலைப்பூவைச் சரிசெய்தாள். அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்தார்.

மண்டபத்து வாசலில் வந்தவர்களிடமெல்லாம் என் பாரத்தில்தான் இந்தக் கார் நேராச்சு என்று சொன்னேன். மாமா பக்கத்திலேயே நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்போது என் எடை ஒரு சிமெண்டு மூட்டையில் பாதிகூட இருக்காது. அதை வைத்து எந்தக் காரும் கோணாது. என்னை வைத்து அம்மாவைக் காரில் ஏற்றத்தான் மாமா அப்படிச் சொன்னார்; அவர் நேராக்கியது வேறு. அது தெரியாமல்தான் அன்றைக்கு அவ்வளவு பெருமையாகச் சொன்னேன். தெரிந்த பிறகும் அப்படியேதான் சொல்கிறேன்.