ஓரத்தில் ஒரு கோடு

சாவிக்காரரின் இடது கை துணிப்பைக்குள் துழாவிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் துணியால் கட்டியிருந்தேன். பக்கவாதத்தில் மரத்துப்போன வலது கைக்கான பயிற்சி இது. பைக்குள் இருப்பதை முதலில் நல்ல கையாலும் பிறகு மற்றதாலும் தொட்டு, இன்னதென்று சொல்ல வேண்டும். ஆர்வம் வரட்டுமே என்று அவர் சேர்த்த பழைய நாணயங்களையே போட்டிருந்தேன்.

"பூட்டைத் திறக்கிற கை, சட்டைப் பட்டனைத் திறக்க மாட்டேங்குது சிஸ்டர்" என்று அலுத்துக்கொண்டே ஒன்றை எடுத்தார். காசின் முகத்தில் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பார். விரல் அந்த ஓரத்தையே திரும்பத் தடவியது.

அது அவருடைய பெருமைக்குரிய வெள்ளிக்காசு. அதில் பொறித்திருக்கும் வருடத்தில் அடித்ததையெல்லாம் அரசாங்கமே உருக்கிவிட்டது, தப்பியவை சில.

"ஓரத்துல ஒரு கோடு ஓடுது" என்றார்.

கண்கட்டை அவிழ்த்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. அச்சில் அடித்த காசில் அப்படி இருக்காது. இரண்டு பாதி வார்ப்பில் வெள்ளியை ஊற்றிச் செய்த போலியில்தான் இருக்கும். நாற்பது வருடம் அரம் பிடித்துக் காய்த்துப்போன வலது கட்டைவிரல் இதைக் கண்டதேயில்லை.

"போனா போகுது" என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. "என் முகத்தைவிட அதைத்தான் அதிகமா பாத்தீங்க. இனிமேலாவது இந்தப் பக்கம் திரும்புங்க."

அவர் சிரிக்கவில்லை. பத்து வருடம் முன்பு அடுத்த தெருத் தையல்காரி இதே மாதிரிக் காசு ஒன்றைக் கொண்டுவந்தாளாம். விற்றுச் சொந்தமாகக் கடை வைக்கலாம் என்று அவளுக்கு எண்ணம். இவர் இரண்டையும் தராசில் வைத்தார். அவளுடையது இறங்கியது. தன்னுடையதுதான் அசல் என்ற நினைப்பில், "எடை ஒத்துவரல, போலி" என்று சொல்லிவிட்டார். ஊரில் காசு வாங்கும் மூன்று வியாபாரிகளும் இவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர்கள். ஒருவரும் வாங்கவில்லை.

"அவளே மறந்திருப்பா. உடம்பு இருக்கிற இருப்பில இது எதுக்குங்க?" என்றார் மனைவி.

"சொன்னவன் நான். வேற யாரு போய் மாத்திச் சொல்றது?"

மறுநாள் காலை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். தையல்காரி இன்னும் வேறொருவர் கடையில்தான், மூன்றாவது மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, போலி என்னோடது. உன்னோடதைத் தப்பா சொல்லிட்டேன். அந்தக் காசு இருக்கா?"

அவள் மிஷினை நிறுத்தினாள். "நல்லா இருக்குண்ணே, நீங்க சொன்னது. பத்து வருஷம் அடுத்தவங்க மிஷினை மிதிச்சிருக்கேன்" என்றாள். பிறகு எழுந்து, ஜன்னல் திரையின் அடி மடிப்பைப் பிரித்தாள். திரை பறக்காமலிருக்க அந்தக் காசைப் பாரத்துக்கு உள்ளே வைத்துத் தைத்திருந்தாள். காசு கறுத்திருந்தது. புடவைத் தலைப்பு அதை நோக்கிப் போனது.

"தேய்க்காதே! கறுப்போட இருந்தாத்தான் விலை."

இடது கட்டைவிரலால் ஓரத்தை இரண்டு சுற்று தடவினார். கோடு இல்லை. அங்கேயே என் போனை வாங்கி, மூன்று வியாபாரிகளையும் ஒவ்வொருவராக அழைத்து, அவள் காதுபட, தான் சொன்னது தப்பு என்றார்.