அம்மாவை நீராட்டிய கைகள்

மேடையேறுமுன் முதல் வாக்கியத்தை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். பள்ளியிலும் கல்லூரியிலும் நான் வென்ற பேச்சுகள் யாவும் அவ்வாறு தொடங்கியவையே. இக்கட்டுரையின் முதல் வாக்கியம் மட்டும் ஓராண்டாக என்னிடம் வர மறுத்தது. அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, தடுமாறித் தொடங்கும் இந்தப் பேச்சாளரைப் பொறுத்தருளுங்கள். அம்மாவின் வாழ்வைச் சொல்லவும், அவர் மண்ணுக்குள் போன அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லவும் வந்திருக்கிறேன்.

அம்மா பிறந்தது மும்பையில். பெனே இஸ்ரவேலர் எனப்படும் யூத மக்களின் குடும்பம் அது. அவர்களுடைய முன்னோர் கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடாதவர்கள். ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே அழைத்தார்களாம். அம்மா மணமாகி வந்த புதிதில், அப்பா மொழிபெயர்க்க, இதைச் சொன்னபோது, விழுப்புரம் பக்கம் கெடாரில் நிலக்கடலை பயிரிடும் என் அத்தை, அப்பாவின் தமக்கை, உடனே சொன்னார்: "எண்ணெய் ஆட்டுற குடும்பமா? அப்போ நம்ம மல்லாட்டைய நல்ல வெலைக்கு எடுத்துக்கச் சொல்லு!" அம்மாவுக்கு அன்று தமிழ் தெரியாது. எல்லாரும் சிரித்ததால் தாமும் சிரித்தார்.

அம்மாவின் இளமை முழுவதும் ஒரு தொழுகைக்கூடத்தைச் சுற்றியே கழிந்தது. நெருக்கமான கடைத்தெருவில், இளநீலச் சுண்ணாம்பு பூசிய பழைய கட்டடம். வெள்ளிக்கிழமை மாலை சூரியன் சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குமுன்பே கண்ணாடிக் குவளைகளில் தண்ணீரும் எண்ணெயும் விட்டுத் திரியேற்றி, பெண்கள் மாடியில் அமர்ந்து கீழே நடக்கும் வழிபாட்டைக் கேட்பார்கள். அந்தக் கூடம் தன் மக்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. மழையில் நகரம் மூழ்கிய நாள்களில், நனைந்து வந்த எவரும் அதன் மரப்பலகைகளில் படுத்து உறங்கலாம். ஞாயிறுதோறும் பின்கட்டில் பருப்பும் சோறும் வெந்து, அருகிலிருந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையிருப்போரிடம் போய்ச் சேரும். காய் நறுக்கியவர்களில் அண்டை வீட்டு முஸ்லிம் பெண்களும் உண்டு.

அக்கூடத்துப் பெண்கள் சங்கத்துக்கு இன்னொரு பணியும் இருந்தது. தம் இனத்தில் ஒரு பெண் இறந்தால், அவரைப் பெண்களே நீராட்டுவார்கள். ஒரு குடத்து நீர் தீருமுன் அடுத்த குடத்து நீர் விழவேண்டும். நடுவில் தாரை அறுபடக்கூடாது. பிறகு முடிச்சிடாமல் தைத்த வெள்ளைப் பருத்தி ஆடை. செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே துணி. இறுதியில் இறந்தவரைப் பெயர் சொல்லி விளித்து, எங்கள் கை ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துவிடு என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். கல்லூரியை முடித்த ஆண்டிலேயே அம்மா அந்தப் பெண்களோடு சேர்ந்துகொண்டார்.

திண்டிவனத்திலிருந்து பிழைக்கப் போயிருந்த அப்பா அந்தத் தெருவில் மின்சாதனக் கடையொன்றில் வேலை செய்தார். ஓய்வுநாளில் யூதர்கள் விளக்கேற்றவோ அணைக்கவோ மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் வந்து கூடத்தின் மின்விளக்கையும் விசிறியையும் போட்டுக் கொடுப்பது அப்பாவின் வேலையாயிற்று. அங்கேதான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். திருமணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அம்மாவின் தந்தையார் மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் பிறந்த செய்தி கேட்ட பிறகே மனம் இளகினார்.

அப்பாவைப் பெற்ற தாத்தாவின் உடல்நலம் குன்றவே, அப்பா எங்களோடு ஊர் திரும்பினார். திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தார். சுற்றுவட்டார விவசாயிகள் எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாரோடு எந்த அவசரத்தில் வந்தாலும், சனிக்கிழமை அந்தக் கடை திறக்காது. "உங்க கடைக்கு மட்டும் சனிக்கிழமை என்னா லீவு? பேஜாராப் போச்சு" என்று சண்டைக்கு வந்தவர்களை, "வீட்டம்மா சாமிக்கு லீவு, ஞாயித்துக்கிழமை வெள்ளன வாங்க, ஜல்தியா கட்டித் தர்றேன்" என்று அப்பா அனுப்பிவைப்பார். வேற்றூரில் தனித்த ஒரு பெண்ணின் ஓய்வுநாளுக்கு ஒரு கணவர் கட்டிய கோயில் அந்த மூடிய கதவு என்று நான் எந்த அவையிலும் சொல்வேன்.

அத்தைக்கு அம்மா எப்போதும் பம்பாய்க்காரிதான். வேறெவரும் அம்மாவை அப்படி அழைத்ததில்லை. பொங்கலுக்குக் கெடார் போனால், "வாடி பம்பாய்க்காரி, உங்க சாமி இன்னிக்காவது அடுப்பு பத்த வெக்க வுடுமா?" என்பார். "இன்னிக்கு வியாழக்கிழமை அண்ணி, நல்லா வுடும்" என்று அம்மா பதில் சொல்வார். அதற்குள் அவருடைய தமிழ் முழுக்கத் திண்டிவனத்துத் தமிழாகியிருந்தது. ஆனாலும் எல்லாப் பேச்சும் சிரிப்பில் முடிந்ததில்லை. நெற்றியில் குங்குமம் இல்லாததைப் பற்றி அத்தை பேசிய சில சொற்களுக்குப் பிறகு, அம்மா அங்கே போவதைக் குறைத்துக்கொண்டார்.

வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளி ஒருவரின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். அந்த மனிதருக்கு இங்கே உறவென்று எவருமில்லை, மொழியும் தெரியாது. இந்தி தெரிந்தவர் என்று யாரோ அம்மாவிடம் ஆள் அனுப்பினார்கள். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய், "எங்கூட வர்றீங்களா? தண்ணி ஊத்தினா போதும்" என்று கேட்டார்.

"ஐயோ, எனக்குப் பொணம்னா பயம்க்கா."

"எனக்கும்தான் பயம். அதுக்குத்தான் ரெண்டு பேரு."

அப்படித் தொடங்கியது. பிறகு மூவரானார்கள். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் விவசாயக் குடும்பத்தவர், நடுவே என் அம்மா. தொலைவில் உறவை விட்டு வந்து இறந்த பெண்கள், நெடுஞ்சாலை விபத்தில் மாண்டு அன்றைக்குள் எவரும் வந்து சேராத பெண்கள் ஆகியோரை நீராட்டி, துணியுடுத்தி, அவரவர் மதத்தாரிடம் ஒப்படைத்தார்கள். துணி மும்பையிலிருந்து வரும். அம்மாவின் பழைய தொழுகைக்கூடத்துப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியைக் கட்டாகக் கட்டி ரயிலில் அனுப்புவார்கள். விழுப்புரம் சந்திப்பில் போய் எடுத்துவருவது அப்பாவும் நானும்.

அந்தப் பெண்களிடம் அம்மா கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "யாராவது தேங்க்ஸ் சொன்னா காதுல விழாத மாதிரி வந்துடணும். செத்தவங்களால திருப்பித் தர முடியாது. அதனாலதான் இது சுத்தமான வேலை. நாம பதிலுக்கு எதுனா வாங்கிக்கினா, அந்தச் சுத்தம் போயிடும்."

நான் பேச்சுப் போட்டிக் கோப்பையோடு வீடு திரும்பும் நாள்களில், "இதை எங்கடி வைக்கிறது? சாமான் வைக்க இடமில்லாம அலமாரி பூரா கப்பு" என்று அலுத்துக்கொண்டே, பழைய கோப்பைகளைத் துடைத்துப் பின்னால் தள்ளி, புதியதை முன்னால் வைப்பவர் அம்மா. அந்தப் பெருமையும் எனக்குப் போதவில்லை என்று இன்று தோன்றுகிறது. இன்னும் சில கோப்பைகளை அந்தக் கண்கள் பார்த்திருக்கலாம்.

வயிற்றில் வளர்ந்த கட்டி அம்மாவை மெல்ல மெல்லச் சுருக்கியது. விழுப்புரத்து மருத்துவமனையில் கிடந்த இறுதி வாரத்தில், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பொதியை எடுத்துவரச் சொன்னார். தமக்கென்று தாமே முடிச்சின்றித் தைத்து வைத்திருந்த வெள்ளை ஆடை. "எல்லாருக்கும் செஞ்சது எனக்கும் செய்யணும். கலர் வேணாம், பூ வேணாம்" என்றார். அப்பா தலையசைத்தார். நான் அந்த ஆடையை மறுபடி மடித்துப் பொதிக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார். அன்று பொழுது சாயுமுன் அடக்கம் முடியவேண்டும். ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அவர்கள் மரபில் அடக்கம் இல்லை. அம்மாவின் இனத்தாருக்கான இடுகாடு இப்பக்கம் எங்குமில்லை. செய்தி கேட்டதும் அத்தை தயங்கவே இல்லை. "நம்ம கொல்லியில கெழக்கு மூலையில எடுத்துக்கோ தம்பி. மல்லாட்டை புடுங்கியாச்சு, நெலம் சும்மாதான் கெடக்கு" என்றார். அந்தப் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்வது என் கடமை. மருத்துவமனையிலிருந்து அம்மாவை நேரே கெடாருக்குக் கொண்டு சென்றோம். திண்டிவனத்திலிருந்து அம்மாவோடு பணி செய்த இருவரும், அண்மையில் அவர்களோடு சேர்ந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியையும் வந்து சேர்ந்தார்கள்.

அங்கேதான் தடை எழுந்தது. அத்தை கூறைப்புடவையும் மல்லிகைச் சரமும் குழைத்த மஞ்சள் கிண்ணமுமாகக் காத்திருந்தார். எங்கள் கையிலிருந்த வெள்ளைத் துணியைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"யாருக்குடி வெள்ளை? என் தம்பி இன்னும் உசுரோடதான இருக்கான்! சுமங்கலியாப் போறவளுக்கு வெள்ளை கட்டி அனுப்பினா ஊரு என்னா சொல்லும்?"

"ஆஸ்பத்திரில அதுதாங்க்கா கேட்டா" என்றார் அப்பா.

"நோவுல ஆயிரம் கேப்பாங்க. நாமதான் நல்லபடியா அனுப்பி வெக்கணும். பெங்களூர்லேர்ந்து எம் பசங்க வரட்டும், நாளைக்கு எடுத்துக்கலாம்."

நான் பேசத் தொடங்கினேன். உறவினர்களே, உங்களில் பலர் அன்று அந்த வாசலில் நின்றீர்கள். வெள்ளை என்பது கைம்மையின் அடையாளம் இல்லை, படைத்தவன்முன் எல்லாரும் ஒன்று என்பதன் அடையாளம் என்றேன். அந்த ஆடைக்குப் பை இல்லை, ஏனெனில் எடுத்துச் செல்ல எதுவும் இல்லை என்றேன். சொற்கள் தாமாக வந்தன. என் வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாக நான் பேசியதில்லை.

அத்தை என் கன்னத்தைத் தொட்டார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு கண்ணு. கப்பு குடுப்பாங்க. ஆனா அவளை வெள்ளையில பாக்க என் மனசு தாங்கலடி."

திண்டிவனத்துப் பெண்களில் ஒருவர்தான் எழுந்தார். "நீங்க பேசிக்கினே இருங்க. பொழுது சாயறதுக்குள்ள அக்கா போயாவணும். நாங்க தண்ணி ஊத்தறோம். துணி அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி, மற்ற இருவரோடும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெற்ற பிள்ளை அந்தப் பணியில் சேர்வது அவர்கள் வழக்கமில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். வாளிகள் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒரு குரல்: "இன்னொரு கை வேணுமே. ரெண்டு பேரு புடிச்சிக்கினா, ஒருத்தி மட்டும் ஊத்தினா தண்ணி அறுந்துபூடும். அறவே கூடாதுன்னு அக்கா சொல்லும்."

வீட்டுக்குள் வளர்ந்த அச்சங்களும் கூச்சங்களும் அந்த வாசலில் கூடி நின்றன. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கண்ணை நிமிர்த்தியபோது கதவு ஒருமுறை திறந்து மூடியிருந்தது. வாசற்படியின் ஓரத்தில் மஞ்சள் கிண்ணம் இருந்தது. அதன்மேல் மல்லிகைச் சரம்.

நீர் விழுந்தது. நடுவில் அறாமல் விழுந்தது. எவ்வளவு நேரம் என்று நான் அறியேன். பிறகு நீரொலி நின்று, துணி உதறும் ஓசை மட்டும் கேட்டது. பின்னர் குரல்கள் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டன. முதல் குரல், "அக்கா, எங்க கை எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க" என்றது. இரண்டாவது குரலும் அக்கா என்றே அழைத்தது. மூன்றாவது அழுகையில் பாதி கரைந்தது.

பிறகு நான்காவது குரல் வந்தது: "ஏ பம்பாய்க்காரி... உன் மனசு நோவுற மாதிரி நான் எதுனா பேசியிருந்தா மன்னிச்சிடும்மா."

கதவு திறந்தது. அம்மா வெள்ளையில் இருந்தார். பொழுது சாயுமுன் கிழக்கு மூலையில் மண் மூடினோம்.

இறந்தவருக்காக அம்மாவின் இனத்தார் சொல்லும் வேண்டுதலுக்குப் பத்து யூத ஆண்கள் கூடவேண்டும். விழுப்புரம் மாவட்டம் முழுவதும் தேடினாலும் ஒருவர் கிடைக்கமாட்டார். மும்பைக் கூடத்தின் பெரியவர், "அவள் எங்கள் வீட்டுப் பெண், நாங்கள் நிற்கிறோம்" என்று தொலைபேசியில் சொன்னார், சொன்னபடி மாதக்கணக்கில் நின்றார்கள். கடந்த வாரம் அப்பாவும் நானும் அங்கே சென்றோம். வெள்ளிக்கிழமை மாலை, அம்மா அமர்ந்த மாடியில் நான் அமர்ந்தேன். கீழே அப்பா யாரும் சொல்லாமலே எழுந்துபோய், பழைய இடத்தில் கைவைத்து விளக்கைப் போட்டார். பத்துப் பேரின் குரல் எழும்பி மாடிக்கு வந்தது. பேச்சையே வாழ்வாகக் கொண்ட எனக்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. அனைத்தும் அம்மாவுக்கானவை என்பது மட்டும் புரிந்தது.

இனி நன்றி. அம்மாவுக்கு மருந்தளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வண்டியை மெதுவாக ஓட்டிவந்த ஓட்டுநருக்கும், குழி வெட்டித் தந்த கெடார் இளைஞர்களுக்கும், நிலம் தந்த அத்தைக்கும், வேண்டுதலுக்கு நின்ற பத்துப் பேருக்கும், துணி அனுப்பிய கூடத்துப் பெண்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கமும் நன்றியும்.

இம்மலர் அச்சுக்குப் போகுமுன் கெடாருக்குச் சென்றிருந்தேன். கிழக்கு மூலையை மட்டும் விட்டுவிட்டுக் கொல்லை முழுவதும் மீண்டும் மல்லாட்டை விதைத்திருந்தார்கள். கல்லறைமேல், அம்மாவின் மரபுப்படி நான் வைத்துவிட்டு வந்த சிறு கல்லின் பக்கத்தில் வேறு சில கற்களும் இருந்தன. "அன்னிக்கு உள்ள இருந்தது யாருன்னு அதுல போட்டுறாத கண்ணு" என்று என்னிடம் ஒருவர் சொன்னார்.

போடவில்லை. கதவுக்குப் பின்னால் நீர் அறாமல் பார்த்துக்கொண்ட அந்த நால்வருக்கு இந்த மலரில் பெயரும் இல்லை, நன்றியும் இல்லை. அம்மா கேட்டுக்கொண்டது அதுதான்.