புடலங்காயில் தொங்கிய கல்

கரமனை ஆற்றோரத்தில் ஒரு கூட்டுக் காய்கறித் தோட்டம். அதில் பங்கு சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கும் பேறுகள் அனைத்தையும் நான் அனுபவித்துவிட்டேன். வாராவாரம் பை நிறைய வெள்ளரிக்காய் வரும், வேண்டாமென்றாலும் வரும். மாதம் ஒரு ஞாயிறு குனிந்து களை பறிக்கலாம். அன்றைய முதுகுவலியும் மருந்தடிக்காதது, சுத்த இயற்கை.

போதுமென்று விலகப் போனேன். ஏற்கனவே பாதிப் பேர் போயிருந்தார்கள். இன்னும் நாலு பேர் போனால் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

பந்தலடியில் மூத்த பங்காளி ஒருவர் நின்றார். தேய்த்த சட்டை, பையில் பேனா, முழங்கால்வரை சேறு. புடலம்பிஞ்சு ஒவ்வொன்றின் நுனியிலும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது அவர் வழக்கம். காய் வளையாமல் நீளுமாம்.

"சார், நான் நிறுத்திக்கலாம்னு..."

"ஆகட்டும். மொதல்ல இதைக் கட்டுங்கோ." கல்லையும் சரடையும் நீட்டினார். கட்டினேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து அவுக்கணும், கேட்டேளா?"

"நீங்களே அவுக்கப்படாதோ?"

"கட்டினவாதான் அவுக்கணும். அதாக்கும் இங்கத்தெ சட்டம்."

அப்படியொரு சட்டமே கிடையாது என்று தோட்டக்காரம்மா பிறகு சொல்லிச் சிரித்தாள். அதற்குள் நான் எத்தனையோ கற்களை அவிழ்த்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டும் வந்திருந்தேன்.

போன வாரம் ஒரு டாக்டரம்மா வியர்வையைத் துடைத்தபடி அந்த மூத்தவரிடம் வந்தார். "சாரே, எனக்கு இனி வர நேரமே கிட்டாது கேட்டோ..."

அவர் அதற்குள் குனிந்து, அந்தம்மாவின் கைக்குத் தோதான கல்லாகத் தேடிக்கொண்டிருந்தார்.